எட்டாம் நம்பர் பாயின்ட்டும் மேற்குச் சுவரும்

என் வீட்டு மாடிக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "யாருக்காக இது?" பலகை மேல் ஓடும் குட்டி ரயிலைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிறகு எங்கேயாவது ஒரு குழந்தை ஒளிந்திருக்கிறதா என்பதுபோல் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். குழந்தை இல்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில் எனக்காகத்தான். இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் கூடவே கொஞ்சம் சிரித்து வைப்பேன். இப்போது சிரிப்பதில்லை.

தஞ்சாவூரில் ஒரு பல் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குச் செயற்கைப் பல்லும், பல்லின் மேல் மாட்டும் கிரவுன் உறையும் செய்வது என் வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறேன். இருக்கும் வீடு அப்பாவுடையது. அவர் போனபிறகு மூன்று பிள்ளைகளுக்கும் பாகம் பிரித்தோம். கீழ்த்தளம் அக்காவுக்கு. அவள் மாயவரத்தில் இருப்பதால் உரக்கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். மாடியில் நடு ஹாலும் மேற்கே ஒரு படுக்கையறையும் எனக்கு. கிழக்கே இருக்கும் பெரிய அறை தம்பிக்கு. தம்பி குடும்பத்தோடு குவைத்தில். நான் ரயில் வாங்கிய சமயத்தில் அந்த அறையில் பூட்டின பூட்டு பதினோரு வருஷமாக அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைகளில் முடித்த வேலைகளைத் திருவாரூரிலும் முத்துப்பேட்டையிலும் இருக்கும் டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொரியரில் அனுப்பலாம். ஆனால் ஒரு கிரவுன் உயரமாக உட்கார்ந்தால் அதை டாக்டர் வாயால் கேட்பதுதான் எனக்குச் சரிப்படும். திருவாரூரில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில், பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் நடப்பேன். பாயின்ட் என்று சொல்கிற அந்த இடத்தில் தண்டவாளங்கள் பிரிகின்றன. ஒன்று மாயவரம் போகிறது, ஒன்று நாகப்பட்டினம், ஒன்று முத்துப்பேட்டைப் பக்கம். இத்தனை கனமான வண்டி, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு எப்படி இவ்வளவு அமைதியாக மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் பொழுதுபோக்காகத்தான் பார்த்தேன். பிறகு அதைப் பார்ப்பதற்காகவே முந்தின வண்டியில் போக ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு பெண் அங்கே குனிந்து தண்டவாளத்தை அளந்துகொண்டிருந்தாள். ரயில்வேயில் பாதை பார்க்கிறவள். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, "பிளாட்பாரத்த விட்டு இறங்கிடாதீங்கம்மா" என்றாள்.

"இறங்கல. என்ன அளக்கறீங்கன்னு பாத்தேன்."

அவளிடம் யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நிமிர்ந்து, கையால் காட்டிச் சொன்னாள். "இந்தா, இழுத்தா நகருதுல்ல, இது நாக்கு. அங்க ரெண்டு தண்டவாளம் ஒண்ணா சேர்ந்து கூரா நிக்குது பாருங்க, அது மூக்கு. மூக்கு தேஞ்சா சக்கரம் தப்பான பக்கம் ஏறிடும். அதத்தான் பாக்கறேன்."

நாக்கு, மூக்கு. நாள் முழுவதும் வாய்க்குள்ளேயே வேலை செய்கிறவளுக்கு இந்தப் பெயர்கள் சட்டென்று பிடித்துவிட்டன. எல்லாப் பாயின்ட்டும் ஒரே அளவா என்று கேட்டேன்.

"இல்லம்மா. யார்டுக்குள்ள குட்டையா போடுவாங்க. பேசஞ்சர் வண்டி போற லைன்ல நீளம். ஒண்ணுக்குப் பன்னெண்டு. பன்னெண்டு அடி முன்னால போனா ஒரு அடி விலகும். அவசரப்படாம விலகினாத்தான் உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குக் குலுங்காது."

அந்த வாரமே சென்னையில் மாதிரி ரயில் சாமான் விற்கிற ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

அவர் மரியாதையானவர். இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் முதல் வாக்கியமே, "பையனுக்கா மேடம்?" என்றுதான் வந்தது. எனக்குத்தான் என்றேன். பிறகு, ஆரம்பிக்கிறவர்களுக்கு ஏற்றது என்று ஒரு பட்டியல் சொன்னார். ஒரு டீசல் எஞ்சின், ஆறு பெட்டி, வட்டமாகத் தண்டவாளம், நாலு பாயின்ட். எல்லாம் உண்மையான ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. பாயின்ட்டில் நாலாம் நம்பர் எடுக்கச் சொன்னார். நாலாம் நம்பர் என்றால் நாலுக்கு ஒன்று விலகும். குட்டை. "இடம் மிச்சம் மேடம். வீட்டுல வச்சுக்க இதுதான் சரி." எனக்கு அப்போது எதுவும் தெரியாது. சரி என்றேன்.

ஹாலில் பலகை போட்டு, நெஞ்சு உயரத்தில் ஸ்டாண்டு அடித்து, அதன் மேல் தண்டவாளத்தைப் பரப்பினேன். எஞ்சின் ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல வெட்கமில்லை. ஆனால் ஒரு லைனிலிருந்து பக்கத்து லைனுக்கு மாறுகிற இடத்தில், இரண்டு குட்டைப் பாயின்ட்டுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கிற அந்த வளைவில், மூன்றாவது பெட்டி விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடியும் விழுந்தது. வேகத்தைக் குறைத்தேன், சக்கரத்தைத் துடைத்தேன், பெட்டிக்குள் ஈயத்துண்டு வைத்துக் கனம் கூட்டினேன். இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும். மூன்றாவது சுற்றில் ஒரு பெட்டி வலது பக்கம் இழுக்க, அடுத்தது இடது பக்கம் இழுக்க, நடுவில் இருப்பது பாவம் போலச் சாயும்.

ஒரு மாதம் போராடினேன். தப்பு பெட்டியிலும் இல்லை, என்னிடமும் இல்லை. இவ்வளவு நீளமான பெட்டிகள் இவ்வளவு குட்டையான இடத்தில் உடம்பை முறுக்க முடியாது, அவ்வளவுதான். சென்னைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அதுக்கு ஒண்ணு செய்யுங்க மேடம். பேசஞ்சர் பெட்டிய எடுத்துட்டு சின்னச் சின்ன கூட்ஸ் வேகன் வாங்கிக்கங்க. அது எந்த வளைவுலயும் போகும்."

"நான் ஏறிப் போற வண்டி கூட்ஸ் வண்டி இல்லைங்க."

"அப்ப எட்டாம் நம்பர் பாயின்ட் போடணும். நீளம் எங்க இருக்கு உங்ககிட்ட?"

நியாயமான கேள்வி. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தேன். ஆறு பெட்டி நிற்கிற பிளாட்பாரம், இரண்டு முனையிலும் எட்டாம் நம்பர் பாயின்ட்டுகள், அதன் பிறகு திரும்பி வர ஒரு பெரிய வளைவு. என் ஹால் பதினோரு அடி. கோடு கிழக்குச் சுவரில் முட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் காலி அறை. சுவரில் செருப்புப் பெட்டி அளவில் இரண்டு ஓட்டை போட்டு, அந்த அறையின் மூலையில் வளைவைத் திருப்பிக்கொண்டு வந்தால் போதும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து தம்பியைக் கூப்பிட்டேன். வீடியோவில் வந்தான். பலகையையும் தரையில் போட்ட கோட்டையும் காட்டினேன். சிரித்தான். ஓட்டை விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ரயில் பொம்மைக்காக சுவத்தை இடிக்கணும்ங்கிறியா அக்கா?"

"இடிக்க வேணாம்டா. ரெண்டு சின்ன ஓட்டை. நீ எப்பக் கேட்டாலும் அடைச்சுப் பூசிக் குடுத்துடறேன். எழுதிக்கூடத் தர்றேன்."

"பத்திரத்துல அந்தச் சுவர் என் பாகத்துலதான இருக்கு?"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

சற்று நேரம் அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் திரையில் தெரியவில்லை. "வேணாம் அக்கா. இன்னிக்கு ஓட்டைம்ப. நாளைக்கு எனக்கோ உனக்கோ ஒண்ணுன்னா, பாத்தியதை அது இதுன்னு பேச்சு வரும். பிள்ளைங்க காலத்துல சங்கடம்."

"பதினோரு வருஷமாப் பூட்டியே கிடக்குடா."

"பூட்டிக் கிடந்தாலும் என்னோடதுதான."

அவன் சொன்னது சரி. சட்டப்படியும் சரி, கணக்குப்படியும் சரி. அவ்வளவு சரியாக இருந்ததுதான் என்னைச் சுட்டது. போனை வைத்துவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் அடித்த சுண்ணாம்பு அங்கங்கே உரிய ஆரம்பித்திருந்தது. என் பக்கத்துச் சுவருக்கு நான்தான் வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறேன். அந்தப் பக்கம் அவன் அடித்ததே இல்லை.

மறுநாள் மாயவரத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். தம்பி அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"ஏன்டி அவன்கிட்ட போய்க் கேட்டே? இப்ப அவன் மனசுல ஒரு சந்தேகம் விழுந்துடுச்சு. நீ சின்னதா ஒரு வட்டம் போட்டு வச்சுக்கயேன். எதுக்கு இவ்வளவு பெருசு? சபையில வேற ரெண்டு பேரு எங்கிட்டயே கேட்டுட்டாங்க, உன் தங்கச்சிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நல்லாத்தான் இருக்கா, தனியா இருக்கறதால பொழுது போக்கறான்னு சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தை அவளிடம் முழுசாகக் காட்டவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். "சின்னதா வச்சுக்க, சின்னதா வச்சுக்கன்னு எல்லாரும் என்கிட்ட மட்டும் ஏன்க்கா சொல்றீங்க?"

கேஸ் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், அந்த வாரம் நான் விட்டுவிட்டிருக்கலாம். நாலாம் நம்பர் பாயின்ட் கையில் இருந்தது. கூட்ஸ் வேகன் வாங்கியிருந்தால் அன்றைக்கே எல்லாம் ஓடியிருக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை திருவாரூரில் நின்றபோது, நான் போக வேண்டிய வண்டி பாயின்ட்டைத் தாண்டி உள்ளே வந்தது. பெட்டி ஒவ்வொன்றாக, ஒரு அவசரமும் இல்லாமல், பக்கத்துக் கோட்டுக்குத் தன்னை ஒப்படைத்துக்கொண்டு வந்தது. எனக்கு வேண்டியது இது. இதில் பாதி அல்ல. வண்டியில் ஏறி உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் என் வீட்டை மறுபடியும் வரைந்தேன். கிழக்கே போக முடியாது. மேற்கே?

மேற்கே என் படுக்கையறை. என் பங்கு, என் சுவர். அதில் நாலடி அகலத்தில் ஒரு சுவர் அலமாரி, அதற்கு அந்தப் பக்கம் என் கட்டில், பீரோ, தையல் மிஷின். அலமாரியின் முதுகைத் திறந்தால் ஒரு வழி. கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஓட்டை. வளைவு என் கட்டிலுக்கு மேலே திரும்பும். பலகை நெஞ்சு உயரம் என்பதால் கட்டில் அதன் அடியில் நிற்கும், ரயிலில் கீழ் பெர்த்தில் படுப்பதுபோல. முத்துப்பேட்டை வருவதற்குள் கணக்கு முடிந்திருந்தது. பதினைந்து அடி நேர்கோடு கிடைத்தது. தம்பி அறையில் கிடைத்திருப்பதைவிட ஒரு அடி அதிகம்.

கொத்தனார் வந்து அலமாரியைத் தட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டு வேலைகளை அப்பா காலத்திலிருந்து செய்கிறவர். "இதுல துணிமணி வச்சிருக்கீங்களே."

"எடுத்துடறேன்."

"எங்க வைப்பீங்க?"

"அது எம்பாடு."

"தம்பி கிட்ட ஒரு வார்த்தை..."

"இது என் சுவருங்க. யாரையும் கேக்க வேண்டியதில்ல. உளிய வைங்க."

வைத்தார். நாலு செங்கல் விழுந்ததும் படுக்கையறை வெளிச்சம் ஹாலுக்குள் வந்தது. தூசி கிளம்பி உரக்கடை வரைக்கும் இறங்கியது. கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்து, "ரயிலுக்கு லைன் போடறீங்களா அக்கா?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

பீரோவை விற்றேன். தையல் மிஷினை லேபில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். புடவைகள் கட்டிலுக்கு அடியில் இரண்டு தகரப் பெட்டிக்குள் போயின. எட்டாம் நம்பர் பாயின்ட்டுகள் ஆறு வந்து சேர்ந்தன. முதலாவதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குட்டையானதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குட்டையானது திடீரென்று திரும்புகிற ஆளைப்போல இருந்தது. நீளமானதில் எந்த இடத்தில் விலகத் தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அன்று மாலை ஆறு பெட்டியும் ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாறின. ஒன்றுகூட விழவில்லை. இருபது தடவை ஓட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முத்துப்பேட்டை லைன் வேண்டும் என்று நினைத்தேன். ஸ்டேஷனிலிருந்து தனியாகப் பிரிந்து, படுக்கையறை ஜன்னல் விளிம்பில் ஒரு சின்ன ஸ்டேஷனில் போய் முடிகிற கிளை. ஆனால் அது பிரிவது வளைவின் உள்பக்கம், ஜன்னல் இருப்பதோ வெளிப்பக்கம். அலமாரி வழியாக நுழைந்ததும் கிளை மெயின் லைனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயாக வேண்டும். பெருக்கல் குறிபோல இரண்டு லைன் வெட்டிக்கொள்ளும் அந்தத் துண்டுக்கு டைமண்ட் கிராசிங் என்று பெயர்.

சென்னைக்காரர் இந்த முறை உண்மையாகவே பதறினார். "கிராசிங் மட்டும் வேணாம் மேடம். அனுபவஸ்தங்களே தொட மாட்டாங்க. நடுவுல கரண்ட் இல்லாத இடம் இருக்கும், எஞ்சின் அங்க போய்ச் செத்து நிக்கும். அதுக்குப் பதிலா ரெண்டு பாயின்ட் போடுங்க. கிளைய மெயின்ல சேத்து, அப்புறம் அந்தப் பக்கம் பிரிச்சு விட்டுடலாம்."

"ரெண்டு எட்டாம் நம்பருக்கு அங்க நீளம் இல்லைங்க."

"நாலாம் நம்பர் போடுங்க."

"அதுல ஒரு மாசம் பட்டது போதுங்க" என்றேன். அவர் புரிந்துகொண்டு, "சரி, எத்தனை டிகிரி?" என்றார்.

நான் அளந்து வைத்திருந்தேன். அலமாரியின் அகலமும் ஜன்னலின் இடமும் சேர்ந்து பத்தொன்பது டிகிரி என்று கொடுத்தன. அவரிடம் இருந்தவை பன்னிரண்டும் இருபத்து நாலும். பன்னிரண்டு போட்டால் கிளை ஜன்னலைத் தாண்டிப் போய்விடும். அதோடு, கோணம் சின்னதாக ஆக ஆக நடுவில் சக்கரம் தாங்கலில்லாமல் தாண்ட வேண்டிய இடைவெளி நீளமாகும். இருபத்து நாலில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கிளை கட்டில் தலைமாட்டுச் சுவரில் முட்டும். ஜன்னலை நகர்த்த முடியாது. "பத்தொன்பதுல யாரும் பண்றதில்ல மேடம்" என்றார்.

"நான் பண்ணிக்கறேன்" என்றேன்.

சொன்னபிறகுதான் பயம் வந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் யோசித்தபோது, இது என் தொழிலுக்கு வெளியே இல்லை என்று தோன்றியது. சக்கரத்தின் விளிம்பு போகிற பள்ளம் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஒரு கிரவுன் பல்லில் உட்காரும்போது ஓரத்தில் முடியிழை இடைவெளி இருந்தாலும் திருப்பி அனுப்புகிற டாக்டர்களிடம் முப்பது வருஷம் வேலை செய்தவள் நான். ஒன்றேகால் மில்லிமீட்டர் எனக்கு வாசற்கதவு.

முதல் கிராசிங்கை வாங்கிய தண்டவாளத்திலேயே வெட்டி ஒட்டினேன். பற்றவைத்த சூட்டில் அடியில் இருந்த பிளாஸ்டிக் கட்டைகள் உருகிச் சப்பையாயின. இரண்டாவதைத் தனித் தண்டவாளத்தில் செய்தேன். ஒரு மூலையைப் பற்றவைத்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் மூலை நகர்ந்திருந்தது. அதில் ஓட விட்டபோது எஞ்சின் மெயின் லைனிலிருந்து நேராகக் கிளைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மூன்றாவது தடவை மாதிரி ரயில்காரர்கள் செய்கிற முறையை விட்டுவிட்டு, எங்கள் லேபில் செய்கிற முறைக்கு வந்தேன். இரண்டு செயற்கைப் பற்களை இணைக்க வேண்டுமென்றால், அவை நிற்க வேண்டிய இடத்திலேயே தண்ணீரில் குழைத்தால் கல்லாக இறுகும் மாவில் பதித்து, அது இறுகியபிறகுதான் பற்றவைப்போம். அப்போது எதுவும் நகராது. அதேபோல் பத்தொன்பது டிகிரியில் எட்டுத் துண்டுத் தண்டவாளத்தையும் கல்லில் பதித்தேன். மூக்குகளை, செயற்கைப் பல்லை அராவும் மிஷினால் கூராக்கினேன். கல் இறுகக் காத்திருந்து பற்றவைத்தேன். கல்லை உடைத்து எடுத்தபோது அது ஒரே துண்டாகக் கையில் வந்தது. லேப் முதலாளி பக்கத்தில் வந்து பார்த்தார். "எந்த வாய்க்கு இது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓரங்களை நகத்தால் தடவிப் பார்த்து, "ஓரம் நல்லா வந்திருக்கு" என்றார்.

நடுவில் கரண்ட் இல்லாத இடம் என்ற பிரச்சினை இருந்தது. அந்த இடத்துக்கும் கரண்ட் கொடுக்கலாம். எந்த லைனில் வண்டி வருகிறதோ அதற்கு ஏற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு சுவிட்ச் போட்டேன். மாற்ற மறந்தால் எல்லாம் நின்றுவிடும். மறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். எஞ்சினை நடப்பதைவிட மெதுவாக விட்டேன். மூக்கின் மேல் ஏறி, இடைவெளியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது. சென்னைக்காரருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "இதுமாதிரி ஒண்ணு பதினாறு டிகிரில பண்ணித் தருவீங்களா மேடம், ஒரு கஸ்டமர் கேக்கறார்" என்று வந்தது. இப்போதைக்கு முடியாது என்று எழுதினேன். அப்படி எழுதியதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இந்த வருஷம் சம்பா அறுவடைச் சமயத்தில் தம்பி லீவில் வந்தான். மனைவியையும் பிள்ளைகளையும் குடவாசலில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, அறையைப் பார்க்கத் தனியாக வந்தான். நாங்கள் இரண்டு வருஷமாகப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டதோடு சரி. படியேறி வந்தவன் ஹால் வாசலில் நின்றான். வடக்குச் சுவர் முழுக்க ஸ்டேஷன். அலமாரி இருந்த இடத்தில் வண்டி போகிற வாசல்.

"அலமாரிய எடுத்துட்டியா?"

"ஆமா."

குனிந்து படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தான். கட்டிலுக்கு மேலே போகிற லைனையும் அடியில் இருந்த தகரப் பெட்டிகளையும் பார்த்தான். வெளியே வரும்போது முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நேராகத் தன் அறைக்குப் போனான். மழையில் கதவு உப்பியிருந்தது, பூட்டைத் திறந்தும் தோளால் இடிக்க வேண்டியிருந்தது. உள்ளே அவன் வைத்துவிட்டுப் போன மரக்கட்டிலைக் கரையான் தின்றிருந்தது. கிழக்கு மூலையில் சுவர் ஊறிப் பூச்சு பெயர்ந்து கிடந்தது. நான் துடைப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் கூட்டினோம்.

டீ குடிக்கும்போது, "ஒண்ணு ஓட்டிக் காட்டேன்" என்றான். ஓட்டினேன். முத்துப்பேட்டை வண்டி கிராசிங்கைத் தாண்டுவதை முகத்தைப் பலகையோடு வைத்துப் பார்த்தான். "கடையில வாங்கினதா இது?" என்று கேட்டான். நான் செய்தது என்றேன். மறுபடியும் ஓட்டச் சொன்னான். மூன்று தடவை.

பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "அக்கா, இப்படி நெருக்கிட்டுக் கிடக்க வேணாம். என் பக்கம் ஓட்டை போட்டுக்க. அந்த ரூமை வேணா முழுசா எடுத்துக்க. பலகையெல்லாம் அங்க மாத்திட்டு நீ ஒழுங்கா படுத்துத் தூங்கு."

அவன் மனதாரத்தான் சொன்னான். எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"வேணாம்டா."

"அன்னிக்கு நான் சொன்னத மனசுல வச்சுட்டுச் சொல்றியா?"

"வச்சிருக்கேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காகச் சொல்லல. லைன் இப்ப மேற்க போகுது. ஒவ்வொரு பாயின்ட்டும் அதுக்குன்னு பாத்துப் பாத்து வச்சது. கிழக்க இடம் கிடைச்சுதுன்னு இதையெல்லாம் பிடுங்க முடியாது."

"உனக்குத் தூங்கறதுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இல்ல. நல்லாத் தூங்கறேன்."

அது உண்மை. அவன் நம்பினானா என்று தெரியவில்லை. அவன் அறையில் ஊறியிருந்த கிழக்குச் சுவருக்குப் பூச்சு பூசச் சொல்லு, இல்லாவிட்டால் இன்னொரு மழைக்குத் தாங்காது என்றேன். கொத்தனார் நம்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது லைனுக்கு ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தேன். பசை காய்வதற்குள் தூரிகையால் ஒதுக்க வேண்டிய வேலை, பாதியில் விட முடியாது. தம்பி வராந்தாவில் நின்று அக்காவிடம் போனில் பேசுவது நன்றாகக் கேட்டது.

"பாத்தேன்... நல்லாத்தான் இருக்கா... இல்ல, ரூம எடுத்துக்கன்னு நானே சொல்லிட்டேன், வேணாங்கிறா... ஆமா, திமிருதான். கொஞ்சமும் குறையல."

தூரிகையை நிறுத்தவில்லை. எட்டாம் நம்பர் பாயின்ட்டின் நாக்குக்கு அருகில் ஒரு கல் சிக்கியிருந்தது. இடுக்கியால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, நாக்கை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். தட்டாமல் நகர்ந்தது. அடுத்த அடிக்குப் பசை ஊற்றினேன்.